ஹாம்பர்க் முதல் ஹெர்ன்ஹூட் வரை: ஒரு திருவருகைக்கால நாட்குறிப்பு

நவம்பர் 30, 2025, ஞாயிறு. ஹாம்பர்க்

கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிறுகளாகத் திருச்சபை காத்திருக்கும் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு இன்று. எந்த ஆண்டிலும் இந்த நாளைக் கண்டுபிடிக்க ஒரே விதிதான்: நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் எந்த ஞாயிறு வருகிறதோ, அதுவே முதல் ஞாயிறு. ஆகவே அது நவம்பர் 27-க்கு முன்னால் வராது, டிசம்பர் 3-க்கு அப்பால் போகாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வரை எண்ணினால் காத்திருப்பு சில ஆண்டுகளில் 22 நாள், சில ஆண்டுகளில் 28 நாள். கடையில் விற்கும் 24 கதவு வைத்த அட்டை நாட்காட்டி டிசம்பர் 1-ல் தொடங்குவது அச்சடிப்பவரின் வசதிக்காக. திருச்சபைக் கணக்கு வேறு.

ஹாம்பர்க்கிலிருந்து தொடங்கக் காரணம், மெழுகுவத்தி வளையம் பிறந்த ஊர் இது. நகரின் கிழக்கே ஹோர்ன் பகுதியில் 1833-ல் யோகான் ஹின்ரிக் விச்சர்ன் என்ற லூத்தரன் இறையியலாளர், சேரிச் சிறுவர்களுக்காக ‘ரௌஹெஸ் ஹவுஸ்’ என்ற இல்லத்தைத் தொடங்கினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் நச்சரித்ததால், 1839-ல் ஒரு வண்டிச் சக்கரத்தின் மேல் மெழுகுவத்திகளை நட்டு ஜெப அறையில் தொங்கவிட்டார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை வத்தி 4, வார நாட்களுக்குச் சிறிய சிவப்பு வத்தி 20. அந்த ஆண்டு முதல் ஞாயிறு டிசம்பர் 1-ல் விழுந்ததால் கணக்கு 24-ல் நின்றது. இந்த ஆண்டு அதே சக்கரத்தைச் செய்தால் சிறிய வத்தி 21 வேண்டும். நவம்பர் 27-ல் தொடங்கும் ஆண்டில் 24, டிசம்பர் 3-ல் தொடங்கும் ஆண்டில் 18. இதைக் கவனிக்காமல் எல்லா ஆண்டும் 20 வத்தி நட்டுவிட்டு, கடைசி வாரத்தில் ஒன்று குறைகிறதே என்று திகைப்பவர்கள் ஜெர்மனியிலேயே உண்டு.

இன்று வீடுகளில் இருப்பது, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு வத்தி வளையம். செய்யும்போது கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. முதலாவது, வத்தியின் உயரம். முதல் வத்தி நான்கு வாரமும் எரியும், நான்காவது ஒரு வாரம் மட்டும், தேய்மானம் 4:3:2:1. ஒரே உயரத்தில் வாங்கினால் கடைசி ஞாயிறில் படிக்கட்டுபோல நிற்கும். அப்படித்தான் நிற்க வேண்டும். சமமாகத் தெரியட்டும் என்று இடம் மாற்றி ஏற்ற வேண்டாம். இரண்டாவது, தழை. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் கிளை சூடேற்றிய அறையில் ஒன்றரை வாரத்துக்குள் காய்ந்து ஊசி உதிர்க்கும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். நோர்ட்மன் ஃபர் அல்லது நோபிள் ஃபர் மாதம் முழுக்கத் தாங்கும். மூன்றாவது, தழைக்கும் சுடருக்கும் உள்ள தூரம். வத்தி தழையின் மட்டத்துக்கு மேல் இரண்டு விரற்கடைக்குக் கீழே இறங்கியதும் மாற்றிவிடுங்கள். ஆணி குத்திய தகரத் தட்டு வாங்கினால் வத்தி சாயாது. வெறும் பசைத் துணுக்கு சூட்டில் இளகிவிடும்.

பழைய 24 வத்திச் சக்கரத்தை நேரில் பார்க்க வேண்டுமென்றால் துறைமுகத்தை ஒட்டிய புனித மிகாயேல் தேவாலயத்துக்குப் போங்கள். நான்கு மணிக்கே இருட்டிவிடுவதால் மாலை ஐந்து மணி தோதான நேரம். முதல் ஞாயிறில் ஒரே ஒரு வத்தி எரிகிறது, மற்றதெல்லாம் சும்மா நிற்கிறது. அதுதான் பார்க்க வேண்டியது. நான்காம் ஞாயிறில் வந்தால் அழகாக இருக்கும். காத்திருப்பு என்னவென்று தெரியாது.

டிசம்பர் 1, திங்கள். ரயிலில்

பயண நாள். ஜெர்மனியில் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் திங்களன்று மூடியிருக்கும் என்பதால் ரயிலுக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. ஹாம்பர்க்–பெர்லின் பாதை 2025 ஆகஸ்ட் முதல் புதுப்பிப்புக்காக மூடப்பட்டிருந்தது. வண்டிகள் சுற்றிப்போனதால் முக்கால் மணி நேரம் கூடுதலாயிற்று. இணைப்பு ரயிலுக்கு அரை மணியாவது இடைவெளி விட்டுச் சீட்டு எடுங்கள்.

டிசம்பர் 2, செவ்வாய். ஹாலே

தமிழ் வாசகருக்கு இந்தப் பயணத்தின் கனமான நிறுத்தம் இதுதான்.

ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1698-ல் அடிக்கல் நாட்டிய அனாதை இல்லத்தின் முகப்பை முதலில் அண்ணாந்து பாருங்கள். உச்சியில் சூரியனை நோக்கி எழும் இரண்டு கழுகுகள். கீழே ஏசாயா 40:31. ‘கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள்’ என்று தொடங்கி நம் ஊர் வீடுகளில் தேதி காலண்டரில் தொங்கும் அதே வசனம். கையில் காசில்லாமல் ஒரு கட்டடத்தைத் தொடங்கியவர் முகப்பில் இந்த வசனத்தைப் போட்டது அலங்காரத்துக்கு அல்ல. அடுத்த வாரக் கூலிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது அவருக்கு அன்றாடக் கேள்வி.

இங்கே படித்து, தமிழகத்துக்கு மிஷனரியாக வந்த சீகன்பால்க், தோழர் ஹைன்ரிக் புளூட்சாவுடன் கோபன்ஹேகனில் கப்பல் ஏறியது 1705 நவம்பர் 29. நாட்காட்டியைப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள்: அது ஞாயிற்றுக்கிழமை, அதுவும் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை 9. ஏழு மாதத்துக்கு மேல் கடலில். இரண்டு ஆண்டு கழித்து டேனிஷ் தளபதியோடு மோதல் முற்றி, 1708 நவம்பரில் கோட்டையில் அடைக்கப்பட்டார். நான்கு மாதச் சிறை. அந்த ஆண்டின் திருவருகைக்காலம் முழுவதும் அதற்குள்ளேயே கழிந்தது.

காகிதமும் கப்பலும் சேர்ந்துதான் அந்தக் காலத்துக் காத்திருப்பின் அளவுகோல். தரங்கம்பாடியிலிருந்து ஒரு கேள்வி எழுதினால், பதில் வர ஒன்றரை ஆண்டு ஆவது சாதாரணம். ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. ஆனால் அவை பெரியவை. அவற்றை வைத்துப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் போதாது. உடனே திருப்பி எழுதிக் கேட்க வழியில்லை. உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அந்த எழுத்துகளின் அளவு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு 1716-ல் ஹாலேயில் அச்சான சீகன்பால்க்கின் தமிழ் இலக்கணத்தைப் பார்த்தால் காட்சி பேசத் தொடங்கும்.

மாடியில் இருக்கும் அதிசயப் பொருள் அறையையும் விடாதீர்கள். தமிழகத்திலிருந்து அனுப்பிய பொருட்கள் அங்கே உண்டு. ஓலைச்சுவடிகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, நேராகப் போய்ப் பார்க்க முடியாது. ஆய்வாளர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். எடுத்துக் கொடுக்கும்போது தமிழ் எழுத்து தெரிந்தவர் என்பதற்காகச் சலுகை எதுவும் கிடையாது, பென்சில் மட்டும்தான்.

டிசம்பர் 3, புதன். லைப்சிக்

ஹாலேயிலிருந்து அரை மணி நேரப் பயணம். நகர நடுவில் சந்தை, வறுத்த பாதாம் வாசனை, ஒலிபெருக்கியில் கிறிஸ்துமஸ் பாட்டு. இசையமைப்பாளர் பாக் வாழ்ந்த காலத்து லைப்சிக்கில் இந்த வாரம் கோயிலில் வாத்தியம் ஒலித்திருக்காது. முதல் ஞாயிறில் ஒரு கான்டாட்டா, அதாவது வாத்தியங்களோடு பாடும் வழிபாட்டு இசை, பாடுவார்கள். அதோடு சரி. இரண்டாம், மூன்றாம், நான்காம் ஞாயிறுகளில் இசைக்குழுவோடு கூடிய இசை கிடையாது. அது தவத்துக்கான காலம், ‘அடைத்த காலம்’ என்பது விதி. 1723-ல் நவம்பர் 28 அன்றும், 1724-ல் டிசம்பர் 3 அன்றும் முதல் ஞாயிறுக்கு இசை நடத்திய பாக், அடுத்து வாத்தியங்களைத் திறந்தது கிறிஸ்துமஸ் காலை.

இந்த விதி அவருக்கு இன்னொரு வகையில் உதவியது: கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி 6 வரை அடுத்தடுத்து வரும் திருநாட்களுக்கான இசையை எழுதிப் பிரதியெடுத்து ஒத்திகை பார்க்க மூன்று வாரம் கிடைத்தது. 1734-ன் கிறிஸ்துமஸ் ஓரட்டோரியோ (வேதக் கதையைப் பாடிச் சொல்லும் நெடும் இசைப்படைப்பு) ஆறு பகுதி, ஆறு தனித்தனி நாளுக்கானது; முதல் பகுதி டிசம்பர் 25-க்கு. இன்று அதை டிசம்பர் நடுவிலேயே ஒரே மாலையில் பாடி முடித்துவிடுகிறார்கள். இசை குறைவதில்லை. மூன்று வார மௌனத்துக்குப் பிறகு திடீரென்று மத்தளம் முழங்கும்போது கிடைக்க வேண்டிய அதிர்ச்சிதான் குறைகிறது.

புனித தோமா ஆலயத்தில் பாடகர் குழு வழக்கமாக வெள்ளி மாலை 6 மணிக்கும் சனி பிற்பகல் 3 மணிக்கும் பாடும். இந்த மாதம் முக்கால் மணி முன்னால் வரிசையில் நின்றால்தான் உட்கார இடம்.

டிசம்பர் 4, வியாழன். அன்னாபெர்க்

செம்னிட்ஸிலிருந்து மலை ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 1496-ல் வெள்ளிச் சுரங்கத்துக்காக எழுந்த ஊர். புனித அன்னா ஆலயத்தில் ஹான்ஸ் ஹெஸ்ஸெ 1521-ல் வரைந்த சுரங்கப் பீடத்தின் பின்புறம் பாருங்கள்: வெட்டுவது, தூக்குவது, கழுவுவது, நாணயம் அடிப்பது எல்லாம் அதில். புனிதர்கள் முன்பக்கம், கூலிக்காரர்கள் பின்பக்கம். ஆனால் இன்று கூட்டம் நிற்பது பின்பக்கத்தில்தான்.

இன்று புனித பார்பரா நாள். சுரங்கத் தொழிலாளிகளின் பாதுகாவலி. இன்று வெட்டித் தண்ணீரில் வைத்த செர்ரிக் கிளை கிறிஸ்துமஸ் இரவில் பூக்கும் என்பது வழக்கம். இருபது நாள் கணக்கு சரியாக வரும், ஆனால் பாதிப் பேருக்குப் பூப்பதில்லை. ஏன் என்பதை விரிவாகவே சொல்லலாம்.

பூமொட்டுக்கும் இலைமொட்டுக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். பூமொட்டு உருண்டு தடித்து, குட்டையான பக்கக் கிளைகளில் கொத்தாக இருக்கும். இலைமொட்டு ஒல்லியாகக் கூராக இருக்கும். நெடுநெடுவென்று நேராக வளர்ந்த இளங்கிளை பார்க்க அழகு, ஆனால் அதில் இலைதான் வரும். அடுத்தது குளிர். மொட்டு உறக்கத்திலிருந்து விழிக்க முதலில் போதுமான குளிரைத் தாங்கியிருக்க வேண்டும். உறைபனி விழாத இளஞ்சூடான நவம்பருக்குப் பின் வெட்டிய கிளை அறைச் சூட்டுக்கு அசையாது. அப்படியான ஆண்டில் கிளையை ஓர் இரவு உறைபெட்டியில் வைத்து எடுப்பார்கள். பிறகு முழுக்கிளையையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, அடியைச் சாய்வாகப் புதிதாக வெட்டி, சாடியில் வைக்க வேண்டும். உடனே சூடேற்றியின் பக்கத்தில் வைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. காற்று வறண்டு மொட்டு உதிரும். மொட்டு உப்பும் வரை குளிர்ந்த அறை, அதன் பிறகு வாழும் அறை. மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றம். செர்ரி கிடைக்காவிட்டால் ஃபோர்சித்தியா எளிது, அது யாருக்கும் பூக்கும்.

சாளரங்களில் எல்லாம் வளைவு விளக்குகள். பழைய இரும்பு வளைவுகளில் எஞ்சியிருப்பதில் மூத்தது 1740-ஐச் சேர்ந்தது, அருகிலுள்ள யோகான்கேயோர்கன்ஷ்டட் ஊரது. விடியுமுன் இறங்கி இருட்டியபின் ஏறும் சுரங்கக்காரருக்கு வெளிச்சம் எவ்வளவு அரியது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். மர அடுக்குக் கோபுரம் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: மெழுகுவத்தியின் சூடான காற்று மேலே ஏறி இறக்கைச் சக்கரத்தைச் சுற்றுகிறது. சுற்றவில்லையென்றால் முதலில் ஜன்னலைச் சாத்துங்கள், பிறகு எல்லா இறக்கையும் ஒரே சாய்வில் இருக்கிறதா என்று பாருங்கள், கடைசியாக ஊசிமுனை உட்காரும் கண்ணாடிக் குழியைத் துடையுங்கள். சிறிய கோபுரங்களுக்கு வத்தி 14 மி.மீ., அடுத்த அளவு 17 மி.மீ.; தடித்த வத்தியைச் சீவிப் பொருத்தினால் சுடர் பெரிதாகி இறக்கை கருகும்.

டிசம்பர் 5, வெள்ளி. ட்ரெஸ்டன்

ஷ்ட்ரீட்செல் என்ற இந்தக் கிறிஸ்துமஸ் சந்தை 1434 முதல். கூட்டம், நெரிசல். வந்த வேலை ஷ்டொல்லன் என்ற கிறிஸ்துமஸ் ரொட்டி.

திருவருகைக்காலம் நோன்புக் காலமாக இருந்தபோது வெண்ணெய்க்குத் தடை. மாவு, ஈஸ்ட், தண்ணீர், எண்ணெய். சாக்சனியில் கிடைத்த எண்ணெய் வாயில் வைக்க முடியாதது. இளவரசர்கள் ரோமுக்கு மனு மேல் மனு அனுப்பி, 1491-ல் போப் எட்டாம் இன்னசென்ட் காணிக்கை வாங்கிக்கொண்டு வெண்ணெய்க்கு அனுமதி கொடுத்தார். அதன் பிறகு நோன்பு ரொட்டி பண்டிகை ரொட்டி ஆயிற்று. இன்றைய விதிப்படி ட்ரெஸ்டன் பெயரில் விற்க ஒரு கிலோ மாவுக்குக் குறைந்தது 500 கிராம் வெண்ணெய், 650 கிராம் உலர்திராட்சை, 200 கிராம் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் பாகு, 150 கிராம் பாதாம். நோன்பு எங்கே போயிற்று என்று கேட்கக் கூடாது.

ஆனாலும் காத்திருப்பு மிச்சமிருக்கிறது. சுட்ட அன்றே வெட்டினால் வெறும் இனிப்பு ரொட்டி. இரண்டு முதல் நான்கு வாரம் குளிர்ந்த, காய்ந்துபோகாத இடத்தில் கிடந்தால்தான் மணம் உள்ளே இறங்கும். திராட்சையை முன்பே ரம்மில் ஊறவைக்காவிட்டால் அது மாவின் ஈரத்தை உறிஞ்சி ரொட்டியை உலர்த்தும். மேற்பரப்பில் துருத்தும் திராட்சை கருகிக் கசக்கும்; அடுப்பில் வைக்குமுன் பொறுக்கிவிட வேண்டும். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு உருக்கிய வெண்ணெய் பூசி, சர்க்கரை தூவி ஈரத்தை உள்ளே பூட்டுவார்கள். பரிமாறும்போது நடுவில் வெட்டி, துண்டுகளை எடுத்தபின் இரு பாதிகளையும் ஒட்டித் தள்ளிவைத்தால் வெட்டுமுகம் காயாது.

டிசம்பர் 6, சனி. புல்ஸ்னிட்ஸ்

காமென்ஸ் போகும் ரயிலில் ஏறி இறங்கினால் சின்ன ஊர். சீகன்பால்க் 1682-ல் பிறந்தது இங்கே. 1558 முதல் மசாலா கேக் சுடும் ஊரும் இதுவே. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் அவர் போய்ச்சேர்ந்த கடலின் பக்கத்திலிருந்து வந்த பட்டையும் கிராம்பும் ஏலமும் இங்கே மாவில் கலந்துகொண்டுதான் இருந்தன.

சூடாக்கிய தேன் அல்லது சர்க்கரைப் பாகில் மாவைப் பிசைந்து, மரத் தொட்டியில் வாரக் கணக்கில், சில பட்டறைகளில் மாதக் கணக்கில் விடுகிறார்கள். கொழுப்பு, பால், முட்டை கிடையாது, அதனால் கெடாது. கிடக்கும்போது மாவில் மெல்லப் புளிப்பு உண்டாகிறது. இந்தப் புளிப்பு இல்லாமல் பொட்டாஷ் உப்பு வேலை செய்யாது. அவசரமாகப் பிசைந்த மாவில் பொட்டாஷ் சேர்த்தால் சோப்பு ருசி வருவதற்குக் காரணம் அதுவே. பொட்டாஷ் மாவை அகலமாகப் பரப்பும், அம்மோனியம் உப்பு மேலே எழுப்பும். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துச் சேர்க்க வேண்டும். அம்மோனியம் வாயு தடித்த கேக்கிலிருந்து வெளியேறாது, ஆகவே எப்போதும் மெலிதாகத்தான் சுடுவார்கள். சனிக்கிழமை கடைகள் சீக்கிரம் மூடும், காலையிலேயே வாருங்கள்.

டிசம்பர் 7, ஞாயிறு. ஹெர்ன்ஹூட்

ரயில் கிடையாது, லோபௌ அல்லது சிட்டௌ ஊரிலிருந்து பேருந்து. ஞாயிறு சேவை குறைவு, திரும்பும் வண்டியின் நேரத்தை முதலில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

மொராவிய அகதிகள் 1722-ல் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் எழுப்பிய ஊர். 2024-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மொராவிய சபையார் என்று அழைக்கப்படும் இவர்கள் 1760-ல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள்.

ஹுட்பெர்க் குன்றின் மேல் 1730 முதல் உள்ள கல்லறைத் தோட்டத்துக்கு ஏறுங்கள். எல்லாக் கற்களும் தரையோடு தட்டையாக, ஏறக்குறைய ஒரே அளவில். பிஷப்புக்கும் தையல்காரிக்கும் ஒரே கல். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். குடும்ப வரிசை கிடையாது, இறந்த வரிசைதான். சின்சென்டார்ஃப் குடும்பத்துக்கு மட்டும் நடுவில் உயர்ந்த கற்கள். தாழ்மைக்கும் புரவலருக்கும் நடந்த பேரம் அங்கே கண்கூடாகத் தெரிகிறது.

பிறகு ஹெர்ன்ஹூட் நட்சத்திரம்: உள்ளே விளக்கு வைத்துத் தொங்கவிடும், பல முனை கொண்ட காகித நட்சத்திரம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீஸ்கி ஊர் விடுதிப் பள்ளியில் வடிவியல் பயிற்சியாகத் தொடங்கியது. 1897-ல் பீட்டர் ஃபெர்பேக் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முனை 25: நான்குபக்க அடி கொண்டவை 17, முப்பக்க அடி கொண்டவை 8. உள்ளே மறைந்திருக்கும் உருவத்துக்கு 18 சதுர முகம், 8 முக்கோண முகம். மேலே ஒரு சதுரம் விளக்கு இறங்கத் திறந்திருப்பதால் 17.

பொருத்தும் வரிசை கீழிருந்து மேலே. அடியில் ஒரு சதுர முனை. அதன் நான்கு விளிம்பிலும் நான்கு சதுர முனை. இடையில் விழும் நான்கு மூலைகளில் முக்கோண முனைகள். அதன் மேல் வளையத்தில் சதுர முனை மட்டும் எட்டு. அடுத்த வளையத்தில் மறுபடி நான்கு சதுரம், நான்கு முக்கோணம். மேல்வாய் திறப்பு. எந்த மூலையிலும் மூன்று சதுரமும் ஒரு முக்கோணமும் சந்திக்க வேண்டும். நான்கு சதுரம் சந்தித்தால் அங்கேயே பிரித்துவிடுங்கள், மேலே போனால் மூடாது. பித்தளைக் கவ்விகளை முடியும்வரை தளர்வாகவே விடுங்கள். முதல் வளையத்தை இறுக்கியவர்களுக்கு கடைசி வளையம் அரை விரற்கடை குறையும், இழுத்தால் காகிதம் கிழியும்.

முதல் ஞாயிறுக்குத் தொங்கவிட்டு, ஜனவரி 6-ல் இறக்குவது வழக்கம்.

ஊருக்கு வாங்கிப்போவதென்றால்: காகித நட்சத்திரம் அறைக்குள் மட்டும். டிசம்பர் மழையில் நம் ஊர்த் தாழ்வாரத்தில் ஒரு வாரம் தாங்காது. வெளியே தொங்கவிட பிளாஸ்டிக் வகை, 40 செ.மீ. அளவு போதும். மின்னழுத்தம் ஒன்றே, ஆனால் விளக்குத் தலை சிறிய திருகு வகை. நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பது கொக்கி வகை என்பதால் இரண்டு எல்.ஈ.டி. விளக்கை அங்கேயே கூடுதலாக வாங்கிவிடுங்கள். குண்டு பல்பு போட வேண்டாம், காகிதம் பழுத்துவிடும்.